கணினியில் மணி தப்பா? திருத்துவதற்கு முன் ஒரு நிமிடம்

கணினியில் மணி தப்பாகக் காட்டுகிறது என்று யார் கூப்பிட்டாலும் நான் முதலில் சொல்வது இதுதான்: "கை வைக்காதீங்க, நான் வந்து பார்க்கிற வரைக்கும் அப்படியே இருக்கட்டும்." தப்பான நேரத்தைத் திருத்த அரை நிமிடம் போதும். ஆனால் திருத்திய மறுகணமே, அது ஏன் தப்பானது என்று சொல்லக்கூடிய தடயமும் போய்விடுகிறது. நாளைக்கு மறுபடி தப்பாகும், மறுபடி திருத்துவோம். தினமும் காலையில் வந்ததும் கடிகாரத்தைச் சரிசெய்துவிட்டு வேலையைத் தொடங்கிய ஒருவரை எனக்குத் தெரியும். இரண்டு மாதம் அப்படியே ஓட்டியிருக்கிறார். பார்த்தால் ஒரு பட்டன் பேட்டரி தீர்ந்திருந்தது, அவ்வளவுதான்.

பதினான்கு வருடமாக ஓர் ஆய்வுக்கூடத்தின் கணினிகளைப் பார்த்துக்கொள்கிறேன். நாற்பதுக்கு மேல் இருக்கும். அவற்றில் பாதி ஏதாவது ஓர் அளவுக் கருவியோடு இணைக்கப்பட்டு, ராப்பகலாக நேரம் குறித்த கோப்புகளை எழுதிக்கொண்டிருப்பவை. அங்கே கடிகாரம் தப்பினால் அளவே தப்பு. அதனால் இழுப்பறையில் ஒரு கோடு போட்ட நோட்டு வைத்திருக்கிறேன். நான்கு பத்திகள்: எந்தக் கணினி, சரியான நேரம், கணினி காட்டும் நேரம், அதற்கு முன் என்ன நடந்தது. நான்காவது பத்தியை யாரும் நிரப்ப மாட்டார்கள், அதில்தான் பாதி விடை இருக்கும். இரவு மின்சாரம் போயிற்றா? மூடிவைத்த மடிக்கணினியை இப்போதுதான் திறந்தார்களா? நடுவில் லினக்ஸுக்குப் போய் வந்தார்களா? கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

சரியான நேரத்துக்குச் சுவர்க் கடிகாரத்தைப் பார்க்க வேண்டாம். கைப்பேசியில் தானியங்கி நேரம் போட்டிருக்கிறதா என்று பார்த்து, நொடி தெரியும்படி கடிகாரச் செயலியைத் திறந்து பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். மணி, நிமிடம், நொடி மட்டும் போதாது. தேதி, வருடம், முற்பகலா பிற்பகலா என்பதையும் எழுதுங்கள். சரியாக 12 மணி நேரம் வித்தியாசம் என்றால் யாரோ ஏஎம், பிஎம் மாற்றிப் போட்டிருக்கிறார்கள், மேற்கொண்டு தேட வேண்டியதில்லை.

உள்ளே இரண்டு கடிகாரம்

மூலையில் தெரிகிற மணி ஒன்றுதான், ஆனால் கணினிக்குள் இரண்டு கடிகாரம் இருக்கின்றன. இது புரியாமல் மேலே போனால் குழப்பம்தான் மிஞ்சும்.

ஒன்று மதர்போர்டில் இருக்கும் வன்பொருள் கடிகாரம், ஆர்டிசி என்பார்கள். கணினி அணைந்திருக்கும்போதும் ஓடுவது இது. 1981-ல் வந்த முதல் ஐபிஎம் பிசியில் இது கிடையாது. ஒவ்வொரு முறை போடும்போதும் தேதியும் நேரமும் என்ன என்று டாஸ் என்ற அக்கால இயங்குதளம் கேட்கும், நாம் தட்டச்சு செய்ய வேண்டும். 1984-ல் வந்த பிசி ஏடியில்தான் பேட்டரியில் ஓடும் கடிகாரச் சில்லு மதர்போர்டிலேயே வந்தது. அதன் துடிப்பு ஒரு குவார்ட்ஸ் படிகத்திலிருந்து வருகிறது, நொடிக்கு 32,768 தடவை. இரண்டைப் பதினைந்து முறை பெருக்கினால் வரும் எண் அது. பதினைந்து முறை பாதியாக்கினால் நொடிக்கு ஒரு துடிப்பு கிடைத்துவிடும். கைக்கடிகாரத்திலும் இதே படிகம்தான்.

இரண்டாவது, இயங்குதளம் தானே எண்ணிக்கொண்டிருக்கும் நேரம். கணினி எழும்போது விண்டோஸோ லினக்ஸோ ஆர்டிசியை ஒருமுறை படிக்கிறது. பிறகு செயலியின் டைமர்களை வைத்துத் தானே எண்ணிக்கொண்டு போகிறது. இணையம் இருந்தால் அவ்வப்போது ஒரு நேர சர்வரைக் கேட்டு இந்த எண்ணிக்கையைத் திருத்திக்கொள்கிறது. ஆக, மணி தப்பு என்றால் ஆர்டிசி தப்பாக இருக்கலாம், அதைப் படித்துப் புரிந்துகொண்ட விதம் தப்பாக இருக்கலாம், இணையத்தில் கேட்டுத் திருத்துவது நின்றுபோயிருக்கலாம். வித்தியாசம் எவ்வளவு என்பதைப் பார்த்தாலே பெரும்பாலும் எது என்று தெரிந்துவிடும்.

வருடமே பின்னால் போயிருந்தால்

தேதி பல வருடம் பின்னால், பெரும்பாலும் ஜனவரி 1 ஆக, நின்றிருந்தால் பேட்டரிதான். கணினி எழும்போது சிமாஸ் செக்சம் எரர் என்றோ, தேதியும் நேரமும் அமைக்கப்படவில்லை என்றோ கறுப்புத் திரையில் ஒரு வரி வந்தால் சந்தேகமே வேண்டாம்.

சில சமயம் இது கண்ணுக்குத் தெரியாது. இணையம் நன்றாக இருந்தால் இயங்குதளம் எழுந்த ஒரு நிமிடத்துக்குள் நேரத்தைத் திருத்திவிடும், நமக்குத் தெரியும் மணி சரியாகவே இருக்கும். அதனால் பேட்டரியைச் சோதிக்க இயங்குதளத்துக்குள் பார்க்கக் கூடாது. கணினியை அணைத்து, ப்ளக்கைப் பிடுங்கி, ஓர் இரவு விடுங்கள். காலையில் போட்டு நேராக பயாஸ் திரைக்குள், அதாவது இயங்குதளம் எழும் முன் ஓடும் மதர்போர்டின் சொந்த நிரலின் அமைப்புத் திரைக்குள், போங்கள். எழும்போது டெலீட், எஃப்2 போன்ற ஒரு விசையை அழுத்த வேண்டியிருக்கும், எது என்று முதல் திரையிலேயே எழுதியிருக்கும். அங்கே தெரியும் மணியைக் குறித்துக்கொள்ளுங்கள். ப்ளக்கைப் பிடுங்குவது முக்கியம். ப்ளக் இருக்கும்வரை, அணைத்த நிலையிலும் மின்வழங்கியிலிருந்து 5 வோல்ட் வந்துகொண்டிருக்கும், ஆர்டிசி அதிலேயே ஓடும், பேட்டரி செத்திருந்தாலும் தெரியாது. மாதக்கணக்கில் மூலையில் கிடந்த கணினிகளில் இந்தப் பேட்டரி சீக்கிரம் தீர்வதும் இதனால்தான்.

ஒரு எச்சரிக்கை. லினக்ஸ் மட்டும் உள்ள கணினியில் பயாஸ் காட்டும் மணி யுடிசியாக, அதாவது உலகப் பொது நேரமாக இருக்கும், உங்கள் ஊர் நேரமாக இருக்காது. அது தப்பு என்று நினைத்துத் திருத்திவிடாதீர்கள். இரவு எவ்வளவு நேரம் கடந்ததோ அவ்வளவு நேரம் அதிலும் கடந்திருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

பேட்டரி பெரும்பாலும் சிஆர்2032. 20 மில்லிமீட்டர் அகலம், 3.2 மில்லிமீட்டர் தடிமன், 3 வோல்ட். பெயரிலேயே அளவு இருக்கிறது. மல்டிமீட்டர் இருந்தால் டிசி வோல்ட்டில் வைத்துப் பார்க்கலாம். புதியது 3 வோல்ட்டுக்குச் சற்று மேலே காட்டும். 2.7-க்குக் கீழே வந்ததை நான் யோசிக்காமல் மாற்றிவிடுவேன். ஆனால் 3 காட்டினால் நல்லது என்று முடிவு கட்டாதீர்கள். சுமை இல்லாமல் அளக்கும்போது பலவீனமான பேட்டரியும் நல்ல எண்ணைக் காட்டும். ஓர் இரவுச் சோதனையைத்தான் நான் நம்புகிறேன்.

மாற்றுவதற்கு முன் பயாஸின் ஒவ்வொரு பக்கத்தையும் கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பேட்டரியை எடுத்தால் பல மதர்போர்டுகளில் அமைப்புகள் எல்லாம் தொடக்க நிலைக்குப் போய்விடும். எந்த வட்டிலிருந்து எழ வேண்டும், வட்டுகள் எந்த முறையில் இயங்க வேண்டும், நினைவகத்தின் வேகம் என்ன எல்லாம். அந்தப் படங்கள் இல்லாமல் ஒரு கருவியின் கணினியை மறுபடி எழுப்ப எனக்கு ஒரு முழு நாள் போயிருக்கிறது. விண்டோஸில் வட்டைப் பூட்டிவைக்கும் பிட்லாக்கர் போட்டிருந்தால் இன்னும் கவனம் தேவை. பயாஸ் அமைப்பு மாறியதைப் பார்த்து அது 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்கலாம். சாவி கையில் இருக்கிறதா என்று முதலில் உறுதி செய்துகொண்டு, பிட்லாக்கரைத் தற்காலிகமாக நிறுத்திவைத்துவிட்டு வேலையைத் தொடங்குங்கள்.

மற்றபடி வேலை எளிது. ப்ளக்கைப் பிடுங்கி, பெட்டியின் உலோகத்தைத் தொட்டு உடலில் உள்ள நிலைமின்சாரத்தை இறக்கி, பிடிப்பின் ஓரத்தில் உள்ள சிறு உலோக நாக்கை நகத்தால் தள்ளினால் பேட்டரி மேலே எழும். பெரும்பாலான மேசைக் கணினிகளில் கூட்டல் குறி மேலே தெரியும்படி வைக்க வேண்டும், கழற்றும்போதே எப்படி இருந்தது என்று பார்த்துக்கொள்ளுங்கள். மடிக்கணினிகளில் இது வெவ்வேறு மாதிரி. சிலவற்றில் சுருங்கு உறைக்குள் இரண்டு கம்பியோடு இருக்கும், சிலவற்றில் தனிப் பேட்டரியே கிடையாது, பெரிய பேட்டரியிலிருந்தே ஆர்டிசி ஓடும். அப்படிப்பட்டதில் பெரிய பேட்டரி முழுக்கத் தீர்ந்து வெகுநாள் கிடந்தால் நேரம் போவது இயல்பு.

கழற்றிய பேட்டரியை மேசையில் போட்டுவிட்டுப் போகாதீர்கள். குழந்தை விழுங்கினால் இரண்டே மணி நேரத்தில் உணவுக்குழாயைக் கடுமையாகப் புண்ணாக்கிவிடும், கணினிக்குத் தீர்ந்துபோன பேட்டரியில்கூட அதற்குப் போதுமான மின்சாரம் மிச்சம் இருக்கும். இரு பக்கமும் டேப் ஒட்டி, கைக்கு எட்டாத இடத்தில் வைத்து, மின்கழிவோடு சேருங்கள்.

புதுப் பேட்டரி போட்டும் மணி சரியாகவில்லையே என்று சிலர் திரும்பி வருவார்கள். தேதியை நீங்கள் ஒருமுறை கையால் போட வேண்டும். டொமைனில், அதாவது அலுவலகத்தின் மையக் கட்டுப்பாட்டில், சேராத விண்டோஸ் கணினியில், நேரம் 54,000 நொடிக்கு மேல், அதாவது 15 மணி நேரத்துக்கு மேல் விலகியிருந்தால் நேரச் சேவை திருத்த மறுத்துவிடும், இயல்பான அமைப்பே அப்படி. லினக்ஸில் நேரம் திருத்தும் பழைய என்டிபிடி நிரல் இன்னும் கறார், 1,000 நொடிக்கு மேல் விலகினால் தானே நின்றுவிடும். அவ்வளவு பெரிய வித்தியாசம் இருந்தால் தப்பு யார் பக்கம் என்று அதற்குத் தெரியாது, அதனால் மனிதனிடம் விட்டுவிடுகிறது. தேதி பின்னால் இருக்கும்போது உலாவியும் பெரும்பாலான தளங்களைத் திறக்காது. தளத்தின் சான்றிதழ் இன்னும் நடைமுறைக்கே வரவில்லை என்று அது கணக்குப் போடுகிறது. இணையம் போய்விட்டது என்று ரூட்டரை அணைத்து அணைத்துப் போட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். சான்றிதழ் பிழை என்று வந்தால் முதலில் தேதியைப் பாருங்கள்.

முழு மணிக் கணக்கில் தப்பினால்

நிமிடமும் நொடியும் சரி, மணி மட்டும் தப்பு. அல்லது சரியாக ஐந்தரை மணி, எட்டு மணி என்று வித்தியாசம். இது பேட்டரி இல்லை, நேர மண்டலம்.

ஒரே கணினியில் விண்டோஸும் லினக்ஸும் வைத்திருப்பவர்களுக்கு இது அடிக்கடி வரும். விண்டோஸ் ஆர்டிசியில் உள்ளூர் நேரம் இருப்பதாக எடுத்துக்கொள்ளும். லினக்ஸ் அதில் யுடிசி இருப்பதாக எடுத்துக்கொள்ளும். இரண்டும் நேரத்தைச் சரிசெய்யும்போது தன் வழக்கப்படி ஆர்டிசியில் எழுதிவைக்கும். யுடிசிக்கு ஐந்தரை மணி முன்னால் இருக்கும் இந்திய, இலங்கை நேரத்தில் இருந்தால், லினக்ஸிலிருந்து விண்டோஸுக்கு வந்ததும் மணி ஐந்தரை மணி பின்னால் நிற்கும், விண்டோஸிலிருந்து லினக்ஸுக்குப் போனால் ஐந்தரை மணி முன்னால் நிற்கும். சிங்கப்பூர், மலேசிய நேரத்தில் எட்டு மணி. இந்தத் திசையைக் கவனித்தால் சந்தேகம் தீர்ந்துவிடும்.

இரண்டில் ஒன்றை மாற்றினால் போதும், இரண்டையும் மாற்றினால் மறுபடி சண்டை. லினக்ஸில் டைம்டேட்சிடிஎல் கட்டளையில் செட்-லோக்கல்-ஆர்டிசி என்பதற்கு 1 கொடுத்தால் அதுவும் உள்ளூர் நேரத்தைப் படிக்கத் தொடங்கும். ஆனால் கோடைகால நேரம் மாறும் நாடுகளில் இது மறுபடி தொல்லை தரும், அந்தக் கட்டளையே அப்படி எச்சரிக்கும். நான் விண்டோஸைத்தான் மாற்றுவேன். விண்டோஸ் தன் அமைப்புகளை வைத்திருக்கும் ரெஜிஸ்ட்ரியில் லோக்கல் மெஷின், சிஸ்டம், கரண்ட் கண்ட்ரோல் செட், கண்ட்ரோல், டைம் சோன் இன்ஃபர்மேஷன் என்று இறங்கி, ரியல் டைம் ஈஸ் யுனிவர்சல் என்ற பெயரை இடைவெளி இல்லாமல் கொடுத்து டிவேர்ட் வகையில் ஓர் எண் பதிவு உருவாக்கி, மதிப்பு 1 வைத்துக் கணினியை மறுபடி எழுப்புங்கள். தொடும் முன் அந்தப் பகுதியை ஏற்றுமதி செய்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரே இயங்குதளம்தான் இருக்கிறது, ஆனாலும் மணிக்கணக்கில் தப்பு என்றால் தேர்ந்தெடுத்த மண்டலத்தைப் பாருங்கள். இங்கே பலரும் செய்யும் தப்பு, மண்டலத்தை விட்டுவிட்டு மணியை மட்டும் நகர்த்துவது. திரையில் சரியாகத் தெரியும், உள்ளே யுடிசி தப்பாகிவிடும், அனுப்பும் மின்னஞ்சல் எல்லாம் தப்பான நேரத்தோடு போகும். மண்டலம் சரியாக இருந்தும் தப்பினால் மண்டலத் தரவு பழையதாக இருக்கலாம். அரசுகள் நேரத்தை மாற்றுகின்றன. இலங்கை 1996-ல் இரண்டு முறை மாற்றி, 2006 ஏப்ரலில்தான் மறுபடி ஐந்தரைக்கு வந்தது. அந்த மாற்றம் வந்து சேராத கணினி அரை மணி நேரம் முன்னால்தான் காட்டும். இயங்குதளத்தைப் புதுப்பிப்பதுதான் இதற்கு மருந்து.

மெதுவாக விலகினால்

நாளுக்கு ஓரிரு நொடி விலகுவது பழுதில்லை. சாதாரண படிகத்தின் துல்லியம் பத்து லட்சத்தில் 20 பங்கு அளவு. கணக்குப் போட்டால் நாளுக்கு 1.7 நொடி, மாதத்துக்கு ஏறக்குறைய 52 நொடி. வெப்பமும் சேரும். இந்தப் படிகங்கள் 25 டிகிரி செல்சியஸ் பக்கத்தில் வேகமாக ஓடும்படி வெட்டப்பட்டவை. சூடானாலும் மெதுவாகும், குளிர்ந்தாலும் மெதுவாகும். சூளைக்குப் பக்கத்தில் எங்களிடம் ஒரு கணினி, இணையத்தோடு சேராதது, மற்றவற்றைவிட எப்போதும் கொஞ்சம் பின்தங்கும். படிகம் 45 டிகிரியில் இருந்தால் நாளுக்கு ஒரு நொடிக்கு மேல் கூடுதலாகப் பின்தங்கும் என்று கணக்கே சொல்கிறது. அதை நான் பழுது என்று எழுதுவதில்லை, இத்தனை நொடி என்று எழுதுகிறேன்.

இணையம் இருக்கும் கணினி மாதத்துக்கு ஒரு நிமிடம் விலகினால் திருத்துவது நின்றுவிட்டது என்று அர்த்தம். விண்டோஸ் 10, 11-ல் செட்டிங்ஸில் டைம் அண்ட் லாங்குவேஜ், அதில் டேட் அண்ட் டைம். தானாக நேரம் அமைப்பது போட்டிருக்கிறதா, கடைசியாக எப்போது வெற்றிகரமாகத் திருத்தியது என்று அங்கேயே இருக்கும். சின்க் நவ் அழுத்திப் பாருங்கள். தோற்றால், நிர்வாகி உரிமையோடு கட்டளைச் சாளரத்தைத் திறந்து டபிள்யூ32டிஎம் கட்டளையை க்வெரி, ஸ்டேட்டஸ் என்ற இரண்டு தேர்வுகளோடு கொடுங்கள். அதில் சோர்ஸ் என்ற வரியைத்தான் பார்க்க வேண்டும். லோக்கல் சிமாஸ் க்ளாக் என்று இருந்தால் அது யாரையும் கேட்கவில்லை, தன் ஆர்டிசியையே நம்பி ஓடுகிறது. சர்வீசஸ் பட்டியலில் விண்டோஸ் டைம் முடக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். கணினியை வேகமாக்குகிறேன் என்று சொல்லும் நிரல்கள் இதை முடக்கிவிட்டுப் போயிருப்பதைப் பலமுறை கண்டிருக்கிறேன்.

சேவை ஓடியும் தோற்றால் பாதை அடைபட்டிருக்கிறது. நேரம் கேட்பது என்டிபி என்ற நெறிமுறையில், யுடிபி 123-ஆம் போர்ட் வழியாக. டேவிட் மில்ஸ் 1985-ல் வெளியிட்டது, இன்றும் உலகம் முழுக்க அதுதான். பல அலுவலக ஃபயர்வால்கள் இந்த போர்ட்டை வெளியே விடாது, உள்ளேயே ஒரு நேர சர்வர் வைத்திருக்கும், அதன் பெயரைக் கேட்டுப் போடுங்கள். கணினி டொமைனில் சேர்ந்ததாக இருந்தால் நீங்களாக சர்வரை மாற்ற வேண்டாம். அது டொமைனை நடத்தும் சர்வரான டொமைன் கண்ட்ரோலரிடமிருந்து நேரம் வாங்குகிறது. இரண்டுக்கும் இடையே 5 நிமிடத்துக்கு மேல் விலகினால், இயல்பான அமைப்பில், உள்நுழையவே முடியாது. இருமுறைச் சரிபார்ப்பு எண்கள் இன்னும் கண்டிப்பு, 30 நொடிக்கு ஒருமுறை மாறுபவை.

லினக்ஸில் டைம்டேட்சிடிஎல் என்று மட்டும் தட்டினால் உள்ளூர் நேரம், யுடிசி, ஆர்டிசி நேரம் மூன்றையும் வரிசையாகக் காட்டி, ஒத்திசைந்திருக்கிறதா இல்லையா என்றும் சொல்லும். இதற்கு நான் மிகவும் நன்றிக்கடன்பட்டிருக்கிறேன். மேகோஸில் செட்டிங்ஸ், ஜெனரல், டேட் அண்ட் டைம்.

தூங்கி எழுந்ததும், அல்லது காரணமே இல்லாமல்

மெய்நிகர் கணினியை, அதாவது ஒரு கணினிக்குள் நிரலாக ஓடும் இன்னொரு கணினியை, நிறுத்திவைத்து மறுபடி ஓட்டினால் நிறுத்திய நேரம் அப்படியே பின்தங்கி நிற்கும். விர்ச்சுவல்பாக்ஸ் என்றால் கெஸ்ட் அடிஷன்ஸ், விஎம்வேர் என்றால் டூல்ஸ் போட்டிருக்க வேண்டும். அதை ஓட்டும் புரவலர் கணினியிடம் நேரம் வாங்குவதா, என்டிபியில் கேட்பதா என்று ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். இரண்டும் சேர்ந்து இழுத்தால் நேரம் முன்னும் பின்னும் ஆடும். ராஸ்பெர்ரி பை என்ற சிறு கணினிகளில் 5-க்கு முந்தையவற்றில் ஆர்டிசியே இல்லை, இணையம் இல்லாமல் எழுந்தால் கடைசியாக அணைத்த நேரத்திலிருந்துதான் எண்ணத் தொடங்கும்.

ஓடிக்கொண்டிருக்கும்போதே மணி குதிக்கிறது என்றால் விண்டோஸின் ஈவென்ட் வியூவரில் சிஸ்டம் பதிவில் கெர்னல்-ஜெனரல் மூலத்தில் எண் 1 கொண்ட பதிவுகளைத் தேடுங்கள். பழைய நேரம், புதிய நேரம் இரண்டும் அங்கே எழுதியிருக்கும்.

திருத்தியபின் செய்ய வேண்டியது

இதைத்தான் யாரும் சொல்வதில்லை, எனக்கு இது தெரியாததால் ஒருவருடைய மூன்று வார உழைப்பு போயிருக்கிறது.

அவருடைய கணினி நான்கு நாள் ஒரு வருடம் முன்னால் ஓடியிருக்கிறது. நான் பார்த்து, திருத்தி, நோட்டில் எழுதிவிட்டு வந்துவிட்டேன். அந்த நான்கு நாளில் சேமித்த கோப்புகள் எல்லாம் அடுத்த வருடத் தேதியோடு வட்டில் இருந்தன. பொதுச் சேமிப்பகத்துக்கும் அவர் கணினிக்கும் இடையே இரண்டு பக்கமும் ஒப்பிட்டு, புதியது எதுவோ அதை மற்றப் பக்கத்துக்கு நகலெடுக்கும் நிரல் ஓடிக்கொண்டிருந்தது. அதன் பிறகு அவர் மூன்று வாரம் அந்தக் கோப்புகளில் வேலை செய்தார். அந்த மூன்று வாரமும் அவர் கணினி பெரும்பாலும் வலையமைப்பை விட்டு வெளியே இருந்தது. திரும்பி வந்து இணைத்ததும், சேமிப்பகத்தில் அடுத்த வருடத் தேதியோடு இருந்த பழைய பிரதிகள்தான் புதியவை என்று நிரல் முடிவு செய்து, அவர் எழுதியவற்றின் மேல் அவற்றை எழுதிவிட்டது. நிரல் செய்தது தப்பில்லை. தப்பு செய்தவன் நான்.

அன்றிலிருந்து கடிகாரத்தைத் திருத்தியதும் கோப்புகளை மாற்றிய தேதிவாரியாக அடுக்கி, நாளைக்கு மேல் தேதி உள்ள எல்லாவற்றையும் எடுக்கிறேன். அது முடியும்வரை ஒத்திசைவு நிரலை நிறுத்திவைக்கிறேன். ஒவ்வொன்றையும் திறந்து சேமித்தாலே தேதி இன்றைக்கு வந்துவிடும், நிறைய இருந்தால் லினக்ஸில் கோப்பின் தேதியை மாற்றும் டச் கட்டளை. அதே வேலையைச் சேமிப்பகத்திலும், காப்புப் பிரதி வட்டிலும் செய்ய வேண்டும். அளவுக் கருவியின் கோப்பு என்றால் தேதியை மாற்றாமல், எத்தனை நொடி விலகியிருந்தது என்பதை ஒரு சிறு உரைக் கோப்பில் எழுதி அதே கோப்புறையில் வைக்கிறேன். பின்னால் அந்த அளவைப் படிப்பவருக்கு அது வேண்டும்.

ஒரு வாரம் கழித்து வந்து மறுபடி கைப்பேசியைப் பக்கத்தில் வைத்து நொடியைப் பார்த்து நோட்டில் அடுத்த வரியை எழுதுவேன். பேட்டரி மாற்றியிருந்தால் பெட்டியின் உள்பக்கம் ஒரு சிறு காகிதம் ஒட்டி, மாற்றிய மாதமும் வருடமும் பென்சிலால் குறித்துவிடுவேன்.